இரண்டாம் நாள் கட்டம்

“உங்க மெஷின் செத்த கிருமியைக்கூடக் காட்டும். அதனாலதான்…”

“செத்தது எப்படிக்கா பிளேட்ல முளைக்கும்? நீங்களே போட்ட…”

“நான் பேசி முடிச்சுக்கறேன்.”

“காலையிலேர்ந்து நீங்கதான் பேசறீங்க.”

பிளேட்டக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பிளேட்டக்காதான். உணவில் சால்மோனெல்லா கிருமி இருக்கிறதா இல்லையா என்று பிளேட்டில் வளர்த்துப் பார்த்துச் சொல்வதில் இருபத்திரண்டு வருடம். அவள் முறைக்கு ஐந்து நாள் பிடிக்கும்; அதில் இரண்டு நாள் பிளேட்டைப் பார்த்துக் குறிக்க வேண்டும். மெஷின்காரன் கொண்டுவந்த புது முறை ஒரே நாளில் சொல்லிவிடும்.

அதை நம்பலாமா என்று பார்க்க, பழைய ரிப்போர்ட் உள்ள அறுபது சாம்பிள்களைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு முறையிலும் மறுபடி பார்த்தார்கள்.

ஐம்பத்தொன்பது பழைய ரிப்போர்ட்டோடு ஒத்துப்போயின.

ஒத்துப்போகாதது ஒரு முட்டைப் பொடி. நாலு வருடத்துக்கு முந்தையது. ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’, கீழே அவள் கையெழுத்து. மெஷினில் பாசிட்டிவ்.

மெஷினை விடுங்கள். இந்த வாரம் அவள் தன் கையாலேயே போட்ட பிளேட். முதல் நாள் பார்த்தபோது துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளாகக் கிருமி முளைத்திருந்தது.

ரிப்போர்ட் எழுதும் அறையில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே அவள் நாற்காலி. வெளியே போகவேண்டுமென்றால் மெஷின்காரன் எழுந்து வழிவிட வேண்டும்.

அவன் எழுந்திருக்கிற மாதிரி இல்லை.

“இந்தப் பொடிதானேக்கா அந்த ஹாஸ்டலுக்குப் போனது? நாப்பது பிள்ளைங்க ஆஸ்பத்திரில கிடந்துச்சே?”

“ம்.”

“பொடி சுத்தம்னு நம்ம ரிப்போர்ட் சொல்லிடுச்சு. பழி மொத்தமும் சமையல்காரர் தலைல. வேலைய விட்டே துரத்திட்டாங்க.”

அவள் தலை குனிந்து பழைய ரிப்போர்ட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, குரலைத் தணித்துக்கொண்டான்.

“உங்களை யாருக்கா குறை சொன்னா? பழைய முறை கோட்டை விட்டுருச்சு. அப்படியே எழுதிடறேன். ஒரு கையெழுத்துப் போடுங்க, புது முறை பாஸ். உங்களுக்கும் ஒண்ணுமில்ல.”

பேனாவை நீட்டினான்.

அவள் பழைய தாளைப் பார்த்தாள். பிளேட் பார்த்த முதல் நாளுக்கு ஒரு கட்டம், இரண்டாம் நாளுக்கு ஒரு கட்டம். இரண்டிலும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே அவசரம். மறுநாள் விடுமுறை. இந்த ஒன்றுக்காக யார் வந்து போவது என்று, இரண்டாம் நாள் கட்டத்தையும் முதல் நாள் சாயங்காலமே நிரப்பியிருந்தாள், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே.

முறை ஒன்றும் கோட்டை விடவில்லை.

“பாவம், அந்த ஆளு இப்ப எங்க இருக்காரோ,” என்றான் மெஷின்காரன்.

மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து. எடுத்துக் காதில் வைத்தாள்.

ஹாஸ்டல் வேலை போன நாளிலிருந்து, நாலு வருடமாகத் தினமும் இந்த நேரத்துக்கு அனுமதி கேட்கும் குரல், இன்றும் தயங்கித் தயங்கித்தான் கேட்டது.

“ஏம்மா, அடுப்பைப் பத்த வைக்கட்டுமா? கையை ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்.”