ஜீப்பின் உயரம்

மலைப்பாதையில் ஓடும் ஜீப் ஒன்றுக்குப் பாறைகள் இடித்து இடித்து அடிவயிறே புண்ணாகிவிட்டது. அது பட்டறைக்குப் போய், வண்டிகளைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கியிடம், "இருக்கிறதிலேயே பெரிய டயராப் போட்டு, என்னை நல்லா உசத்திவிடு அண்ணே" என்றது.

மறுநாள் எந்தப் பாறையும் அதைத் தொடவில்லை. ஜீப்புக்குப் பெருமை தாங்கவில்லை.

அடிவாரத்தில் செவலை என்ற நொண்டி நாய் காத்திருந்தது. இரை தேடி முடித்ததும் மலைமேல் இருக்கும் குட்டிகளிடம் தினமும் அது ஜீப்பில்தான் திரும்பும். இன்று தாவித் தாவிப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் கீழே விழுந்தது.

"பரவாயில்லப்பா, மெதுவா நடந்தே போயிக்கிறேன்" என்று விந்தி விந்திக் கிளம்பியது.

அதைப் பார்த்த ஜீப்புக்கு மேலே போக மனம் வரவில்லை. நேரே பட்டறைக்குத் திரும்பியது.

"டயரை மாத்திப் பாதி இறக்கிவிடு அண்ணே."

"மறுபடியும் பாறை இடிக்குமே?" என்றது ஜாக்கி.

"இடிக்கத்தான் செய்யும். செவலை ஏறணுமே!"