காரணம் கேட்கக் கூடாது

மூன்று சீட்டுகளையும் கிண்ணத்தில் குலுக்கி ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

முதல் சீட்டில் பாம்பு. கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தை மறைத்தாலும் அது அஃப்ஷா என்று எல்லோருக்கும் தெரியும். கதையில் பாம்பு வராது, அவ்வளவுதான்.

இரண்டாவதில், குழந்தைகளுக்கு எதுவும் ஆகக் கூடாது. சரி, ஆகாது.

மூன்றாவதில் ரயில்.

நான் அதை மறுபடி மடித்தேன். ரொம்பக் களைப்பாக இருந்தது.

மற்றவர்கள் பார்க்காதபடி என் எதிரில் நிறுத்தியிருந்த தடுப்பு அட்டைக்குப் பின்னால் இருந்ததெல்லாம் ரயில்தான். ஒரு ராஜாவின் கஜானாவை ஏற்றிக்கொண்டு பாலைவனத்தைக் கடக்கிற ரயில். பதினொரு பெட்டிகளும் என் தம்பி ஷ்ரவண் பென்சிலில் வரைந்தவை. கடைசிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அவன் எழுதி வைக்கவில்லை. எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யோசித்து அதை முடித்திருந்தேன்.

இந்த விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதற்குள் ஆளாகப் புகுந்து பேசுவார்கள். பிழைப்பதும் மாட்டிக்கொள்வதும் பகடை விழுவதைப் பொறுத்தது. எங்கள் கூட்டத்தில் நடத்துபவன் ஷ்ரவண்.

ஆரம்பிக்கும் முன் ஆளுக்கொரு சீட்டு. கதையில் எது வரவே கூடாதோ அதை எழுத வேண்டும். பெயர் வேண்டாம். ஒருவர் எழுதினாலும் செல்லும். காரணம் கேட்கக் கூடாது. சட்டம் போட்டவன் அவன்தான்.

போன ஜூலையில், மழையில், லோக்கல் ரயிலின் வாசலிலிருந்து விழுந்து செத்தவனும் அவன்தான்.

அன்றிலிருந்து என் முன்னால் ரயில் என்ற வார்த்தையை யாரும் எடுப்பதில்லை. ஆபீசில் லேட்டாகி விட்டது என்பார்கள், எது லேட் என்று சொல்ல மாட்டார்கள். மாட்டுங்காவிலிருந்து அத்தை போன் செய்தால், வண்டி என்று ஆரம்பித்து இருமித் தொலைப்பாள். நான் என்ன பறந்தா வேலைக்குப் போகிறேன்? தினமும் அதே லைன், அதே எட்டு பன்னிரண்டு வண்டி. லேடீஸ் பெட்டியில் நசுங்கிக்கொண்டே போய் நசுங்கிக்கொண்டே செம்பூருக்குத் திரும்பி வருகிறேன்.

துக்கம்கூடப் பழகிவிட்டது. இந்தப் பூசி மெழுகல்தான் பழகவில்லை.

இந்த மேஜையிலாவது அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அவன் பாதியில் விட்ட கதையை அவன் சிநேகிதர்களை வைத்தே முடித்துவிட்டால், பிறகு எனக்குத் தூக்கமாவது வரும் என்று நினைத்திருந்தேன். அதற்காகத்தான் இவர்களைக் கூப்பிட்டேன். கோவண்டியிலிருந்து அஃப்ஷா, கீழ்த் தளத்து கிருஷ்ணா, தாராவியிலிருந்து முகேஷ்.

பகடைகள்கூட ஷ்ரவணுடையவைதான். அவன் பையில் இருந்தவை. அந்தப் பையை ரயில்வே போலீஸ் கொடுத்தபோது அதில் ஒரு கீறல் இல்லை. நனையக்கூட இல்லை. அதிசயம் என்று அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எப்படி என்று யோசிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அன்று முகேஷ் மட்டும் உடன் இருந்திருந்தால் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருகிறவர்கள். அன்று மட்டும் அவனுக்கு ஆபீசில் வேலை நீண்டு அந்த வண்டியை விட்டுவிட்டானாம். காரியத்துக்கு வந்தபோது அவனே சொன்னான்.

சீட்டை மேஜையில் போட்டேன்.

"எனக்காக யாரும் இப்படிப் பாத்துப் பாத்து எழுத வேண்டாம். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? யார் எழுதினது இது?"

கேட்டே விட்டேன்.

அஃப்ஷா கையை நீட்டி நடுவிலிருந்த பெருக்கல் குறி அட்டையைத் தொட்டாள். யார் அதைத் தொட்டாலும் அந்த இடத்தில் பேச்சு நிற்க வேண்டும். அதுவும் அவன் போட்ட சட்டம்தான். நான் நிறுத்தவில்லை. அவளைப் பார்த்தேன், கிருஷ்ணாவைப் பார்த்தேன், சொல்லுங்கள் என்றேன்.

முகேஷைப் பார்க்கவே தோன்றவில்லை. அவன் யாருக்கும் எதையும் பார்த்துப் பார்த்துச் செய்கிற ஆள் இல்லை.

"ஒங்களுக்காவ எழுதலக்கா," என்றான் முகேஷ். கையிலிருந்த பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு நானும் அதே வண்டிலதான் இருந்தேன். எனக்கு உள்ள உக்கார எடம் கெடச்சுது. பைய எங்கிட்டக் குடுத்துட்டு அவன் வாசல்ல போய் நின்னான். அடுத்த டேசன்ல போலீஸ்கிட்ட அதக் குடுத்துட்டு ஓடிட்டேன்க்கா."

கிருஷ்ணா எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

இந்த ஊரில் உட்கார இடம் கிடைத்தவனிடம் நிற்கிறவன் பையைக் கொடுத்து வைப்பான். இறங்கும்போது வாங்கிக்கொள்வான்.

கேட்பதற்கு எனக்கு எட்டு மாதக் கேள்வி இருந்தது. கடைசியாக என்ன பேசினான்? சிரித்துக்கொண்டிருந்தானா? உள்ளே வா என்று நீ ஒரு தடவை கூப்பிட்டாயா?

முகேஷின் கை பகடையைப் பொத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அட்டை. பெருக்கல் குறிக்குக் கீழே ஷ்ரவணின் கோணல் எழுத்து. காரணம் கேட்கக் கூடாது.

பதினொரு பெட்டிகளையும் மடித்து அந்தப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன்.

"கப்பல்," என்றேன். "ராஜாவோட கஜானா கப்பல்ல போறது. முகேஷ், நீ முதல்ல உருட்டு."