மூன்றாவது ஜோடி

"இன்னும் நாலு பிரோஹி கொழுக்கட்டை மிச்சமிருக்கு லெஸ்யா. வீணாக்கினா பொண்ணோட அம்மா என்னைச் சும்மா விடமாட்டாங்க" என்றான் ஓரெஸ்ட், வாய் நிறைய மென்றுகொண்டே.

கல்யாண விருந்தில் கணவன் பேசிய அந்தப் பேச்சு வரைதான் லெஸ்யாவுக்கு நினைவிருந்தது. அடுத்து கண் விழித்தது கனடாவின் சாஸ்கடூன் நகர மருத்துவமனையில். தலையில் அடி. இடையில் நடந்தது எதுவும் நினைவில் இல்லை. ஓரெஸ்ட்டும் உயிரோடு இல்லை.

நடந்ததைச் சொன்னவன் கொழுந்தன் டாரஸ்.

"நான்தான் ஓட்டினேன். அண்ணன் பக்கத்துல. நீ பின்சீட்டுல தூங்கிட்டே. வண்டி பனியில புரண்டுடுச்சு. உங்க ரெண்டு பேரையும் நான்தான் வெளியே இழுத்துப் போட்டேன்."

டாரஸ் அன்று நன்றாகக் குடித்திருந்தான். சிறை நிச்சயம் என்றார்கள். லெஸ்யாவும் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

இப்போது போலீஸ் கொட்டகையில் நசுங்கிய வண்டியின் முன் அவளும், விபத்து ஆய்வாளர் டெனீஸும்.

"வக்கீலோட வாங்கன்னு ஃபோன்லயே சொன்னேனே?"

"தப்பு பண்ணினவனுக்குத்தானே வக்கீல்? எனக்கெதுக்கு?"

டெனீஸ் டார்ச்சை வண்டியின் முன்பக்கம் அடித்தாள். "இங்க சிக்கியிருக்கிறது மான் மயிர். ரோட்டுல அதோட குளம்புத் தடமும் இருந்துச்சு. வண்டி வேகமா போகலை. பிரேக்கும் சரியான நேரத்துல போட்டிருக்காங்க. ஓட்டினவங்க மேல தப்பில்லை."

"குடிகாரனுக்கு வக்காலத்தா மேடம்?"

"நான் யாருக்கும் வாங்குறதில்லை. வண்டி சொல்றதைச் சொல்றேன். டாரஸ் என்ன உயரம்?"

"ஊர்ல அவனைத் தானியக் கோபுரம்னுதான் கூப்பிடுவாங்க."

"இந்த டிரைவர் சீட்டைப் பாருங்க. மோதினப்ப அடித்தண்டு வளைஞ்சு, ஸ்டியரிங் பக்கமா தள்ளியிருந்த இடத்துலயே இறுகிடுச்சு. கோபுரம் இதுல உட்கார்ந்தா முழங்கால் ஸ்டியரிங்குல மாட்டிக்கும்."

லெஸ்யா குனிந்து பார்த்தாள். இத்தனை வாரமாகப் பாதிரியாரும் உறவுக்காரர்களும் அவளிடம் என்னென்னவோ பேசினார்கள். வளைந்த ஓர் இரும்புத் துண்டு அத்தனை பேரையும்விடத் தெளிவாகப் பேசியது. அதைப் பேச வைத்தவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ... ஓரெஸ்ட்டா ஓட்டினார்? அண்ணனைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னுதானா டாரஸ் பழியைச் சுமக்கிறான்?"

"உங்க வீட்டுக்காரரும் நல்ல உயரம். ஸ்டியரிங் இருக்கிறது இடது பக்கம், அவருக்கு வலது கன்னத்துலதான் ஜன்னல் கண்ணாடி கிழிச்சிருக்கு. பக்கத்து சீட்டுல இருந்திருக்கார்."

"அப்புறம் யாரு?"

டெனீஸ் மேசைக்குப் போனாள். அங்கே மூன்று காகிதப் பைகள். "ஆஸ்பத்திரியில கழட்டின பூட்ஸ். பிரேக்கை அழுத்தி மிதிச்சபடி மோதினா, பெடலோட வரிகள் அடிப்பக்கத்துல பதிஞ்சிடும். முதல் ஜோடியில இல்லை. ரெண்டாவதுலயும் இல்லை."

மூன்றாவது பையிலிருந்து வலது பூட்ஸை எடுத்து மெல்லத் திருப்பிக் காட்டினாள். வரிகள் அழுத்தமாகப் பதிந்திருந்தன.

சின்ன அளவு. பழுப்புத் தோல். லெஸ்யாவுடைய பூட்ஸ்.

"அவங்க ரெண்டு பேரும் குடிச்சிருந்தாங்க. உங்க ரத்தத்துல ஒரு சொட்டு இல்லை" என்றாள் டெனீஸ், அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "மறுபடியும் சொல்றேன். ஓட்டினவங்க மேல தப்பில்லை."

டாரஸ்மேல் இருந்த வழக்கு அந்த வாரமே கைவிடப்பட்டது. லெஸ்யா அவன் வீட்டுக்குப் போனாள். ஏன் பழியைச் சுமந்தான் என்று கேட்கத்தான் போனாள். வாசலிலேயே நின்று அழுதாள்.

"அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்? நீ நல்லாத் தூங்கிட்டிருந்தே, நான்தானே பார்த்தேன்" என்றான் டாரஸ்.

இன்றுவரை அதைத்தான் சொல்கிறான்.