இரண்டாம் மாடி டிரில்

துப்புரவுப் பெண் வஜிஹா பிரமாதமாக நடித்தாள். இரண்டாம் மாடியில் துப்புரவு மருந்துகள் வைக்கும் ரூமில், கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒருக்களித்து விழுந்து கிடந்தாள். ஒரு கால் செருப்பு வாசலுக்கே வந்திருந்தது.

பார்த்ததும் சுப்ரியா வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த ஓசூர் ஹோட்டலில் துப்புரவுப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. போன பாதுகாப்புச் சோதனையில் கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் விட்டால் வேலை போய்விடும்.

பெங்களூர் தலைமை ஆபீஸ் ஆடிட்டர் ரத்தினவேல் நேற்றே போனில் சொல்லியிருந்தார்.

"ஆசிட்டும் பிளீச்சிங்கும் கலந்து ஒருத்தர் மயங்கிட்ட மாதிரி டிரில் வெப்பேன் மேடம். உங்க ஆளுங்கள்லயே ஒருத்தரைப் படுக்க வெப்பேன். யாருன்னு சொல்ல மாட்டேன்."

ஆக, மனுஷன் சத்தமில்லாமல் வந்துவிட்டார். எங்கேயோ மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சுப்ரியா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவை அகலத் திறந்து வைத்தாள். போன தடவை டிரில்லில் பக்கெட்டில் இருந்தது வெறும் தண்ணீர். இந்தத் தடவை நெடி கண்ணைக் கரித்தது. ஆடிட்டர் எதிலும் குறை வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த காளியம்மாள் மாப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, புள்ளையத் தூக்குங்க மேடம்."

"தொடாதீங்கக்கா. ஆடிட்டர் பாக்கட்டும், போட்டோ எடுக்கணும்பாரு. தூக்கிட்டா எல்லாம் கெட்டுடும்."

"மூஞ்சிய பாருங்க மேடம்."

"அதெல்லாம் நடிப்புக்கா." சுப்ரியா வாசலிலிருந்தே குரலைத் தாழ்த்தினாள். "வஜிஹா, இன்னும் கொஞ்ச நேரந்தாம்மா. அப்படியே கிட."

வஜிஹா விரலைக்கூட அசைக்கவில்லை. கெட்டிக்காரப் பெண்.

காளியம்மாள் இருமிக்கொண்டே கையைப் பிசைந்தாள். வராண்டாவில் ஒருவரையும் காணோம். ரத்தினவேல் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சுப்ரியா எட்டி எட்டிப் பார்த்தாள்.

போன் அடித்தது. அவர்தான்.

"சார், எல்லாம் நீங்க சொன்னபடியே பண்ணியாச்சு. ஆளைத் தொடாம வெச்சிருக்கோம். எங்க சார் நிக்கிறீங்க?"

மறுமுனையில் லாரி ஹாரன்கள் காதைப் பிளந்தன.

"அத்திப்பள்ளி டிராஃபிக்ல மேடம். எந்த ஆளு? டிரில்லுக்குப் படுக்க நான் வந்துதானே ஆள் பாக்கணும்?"