மைனாவின் சிறப்புப் பதிப்பு

தவளைகள் மழைக்காகக் கத்துகின்றன என்பது உலகம் உடனடியாகத் திருத்திக்கொள்ள வேண்டிய பிழை. அவை ரசிகர்களுக்காகக் கத்துகின்றன.

ஒரு குளத்தில், கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாகப் பாடிப் புகழ்பெற்ற கிழத் தவளை ஒன்று இருந்தது. அதன் பழைய பாட்டை, அன்று விட்டுப்போன இருமல் செருமல்களையும் சேர்த்து, தவளையின் குரலிலேயே பாடப்போவதாக மைனா அறிவித்திருந்தது. ஆமையும் நண்டும் அதற்காகக் கரையிலேயே காத்துக் கிடந்தன. மைனா கிளைக்கு வந்த நேரத்தில், தண்ணீர்ப் பாம்பு ஒன்று கோரைக்குள் மறைந்திருந்த தவளையின் பின்னங்காலைக் கவ்வியது.

“நண்டுத் தம்பி, உன் கொடுக்கால பாம்பைக் கடிச்சு இழுப்பா!” என்று அலறியது தவளை.

“அண்ணே, இது பழைய பாட்டுல இல்லையே?” என்றது நண்டு.

“விட்டுப்போன பகுதியா இருக்கும். பேசாம கேளு,” என்றது ஆமை.

“ஐயோ, சாகிறேனே!”

“குரல்ல என்ன உருக்கம் பாத்தியா! அந்தக் காலத்துல இதை ஏன் வெட்டினாங்க?”

“ரசனை கெட்டவங்க அண்ணே.”

அலறல் பாதியில் நின்றது. நண்டு இரண்டு கொடுக்குகளையும் தட்டி ஆரவாரம் செய்தது. தண்ணீரில் வட்டங்கள் அடங்கின.

மறுவாரம் மைனாவின் பதிப்பு வெளிவந்தது. பாட்டின் முடிவில் அந்த அலறலும், அதைத் தொடர்ந்து கைத்தட்டலும் இருந்தன.