ஓஃபாவின் தலைகீழ்ப் பெயர்

பித்தளை வட்டத்தை நான்கு பேர் தூக்கிவந்து மேஜையில் வைத்ததும் செல்வசிங்கின் கண் நேராக நடுவில் இருந்த பெயருக்குப் போனது.

தலைகீழாகத்தான் இருந்தது.

மேலும் கீழும் அரபி எழுத்துகள் ஒழுங்காக நிற்க, நடுவில் ‘ஓஃபா ராஜா’ என்கிற அந்த இங்கிலாந்துக்காரனின் பெயர் மட்டும் காலை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது.

அப்பாடா என்றிருந்தது செல்வசிங்குக்கு. நல்லா மாட்டினான் பயல்.

அரபு நாட்டில், முசஃபாவில் இந்த விளம்பர போர்டு பட்டறைக்கு செல்வசிங் வந்து பதினாலு வருஷம். இந்த வட்டத்தை வெட்டிய ஜெகின் வந்து ரெண்டே வருஷம். ஊர்க்காரப் பையன், முட்டத்தில் வேலையில்லாமல் திரிகிறானே, பாவம் என்று விசாவுக்குச் சொல்லி வரவழைத்ததே செல்வசிங்தான். வந்தவன் கம்ப்யூட்டரில் படம் போட்டான், மெஷினில் வெட்டினான், மேனேஜர் கௌஸ் முகைதீனுக்குச் செல்லப்பிள்ளை ஆனான். இந்தப் பள்ளிக்கூட வேலை நல்லபடியாக முடிந்தால் இன்றைக்கே அவன் கையில் ஃபோர்மேன் லெட்டர்.

ஃபோர்மேன் என்றால் குடும்ப விசா. ஜெகினின் பெண்டாட்டி டெல்பின் அடுத்த மாசமே வந்து இறங்கிவிடுவாள். வருஷத்துக்கு ஒரு மாசம் மட்டும் பார்க்கிற தன் பெண்டாட்டி இன்பமணியிடம் செல்வசிங் எந்த முகத்தோடு போனில் பேசுவான்?

நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து சரித்திர டீச்சர் கோசலா வந்துவிட்டாள். யாழ்ப்பாணத்துக்காரி, லண்டனில் படித்தவள். பிள்ளைகள் நடத்தப்போகும் கண்காட்சிக்குத்தான் பழைய நாணயம் மாதிரி இந்தப் பெரிய பித்தளைக் காசு. மெர்சியா என்று ஒரு ராஜ்ஜியமாம். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கும் மேலாயிற்றாம்.

கௌஸ் முகைதீன் மரியாதைக்கு ஏதோ கேட்க, அவளும் நின்றபடியே சொன்னாள். இங்கிலாந்தின் நடுவில், நாலு பக்கமும் பெரிய ராஜாக்களுக்கு இடையில் ஒடுங்கிக் கிடந்த நாடு. முதலில் வடக்கே இருந்தவனை அடித்தது. பிறகு கென்ட்டை விழுங்கியது, எஸெக்ஸை விழுங்கியது. கடைசியில் ஓஃபா என்றொரு ராஜா வந்து, மேற்கு எல்லை நெடுக மண்ணால் பெரிய கரை எழுப்பி, கடல் தாண்டியிருந்த பேரரசனிடமே சமமாகப் பேசுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

இதைப் பார்க்கச் சரித்திரம் எதற்கு? நேற்று வந்து சுற்றியிருப்பதை எல்லாம் வாயில் போட்டுக்கொண்ட ஒருத்தன், இதோ நீல யூனிஃபார்மில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறானே!

கோசலா குனிந்து பார்த்தாள். விரலால் அரபி வரியைத் தடவினாள். விரல் நடுவில் வந்து அந்தப் பெயரின் மேல் நின்றது.

மாதாவே, என்றான் செல்வசிங் மனசுக்குள். உடனே வெட்கமாகவும் இருந்தது. இதற்கெல்லாமா மாதாவைக் கூப்பிடுவது?

கோசலா நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“இதை நிமித்திப் போட்டுடுவியள் எண்டுதான் பயந்தனான். பாக்தாத் கலீஃபாவின்ர தங்கக் காசைப் பாத்து ஓஃபா அடிப்பிச்ச காசு இது. அடிச்சவனுக்கு அரபி தெரியாது, ராசான்ர பேரைத் தலைகீழாக் கொண்டுபோய் வச்சிட்டான். லண்டன் மியூசியத்தில இருக்கிறதும் இப்பிடித்தான். சரியான வேலை, தம்பி!”

கௌஸ் முகைதீன் ஜெகினின் தோளில் ஓங்கித் தட்டினார்.

போச்சு. எல்லாம் போச்சு. இந்தப் பயல் தப்பாகச் செய்தால்கூட அது சரியாகிவிடுகிறது.  டெல்பின் விமானத்திலிருந்து இறங்குவதே கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஜெகின் வாயைத் திறந்தான்.

“நான் திருப்பிப் போடத்தான் பாத்தேன் சார். செல்வசிங் அண்ணன்தான், ஒண்ணையும் தொடாத, அப்படியே வெட்டுலேன்னு சொன்னாவ. அவிய இல்லேன்னா இது கெட்டுப்போயிருக்கும்.”

எல்லோரும் செல்வசிங்கைப் பார்த்தார்கள்.

மூன்று நாளைக்கு முன்பு. கம்ப்யூட்டர் திரையைக் காட்டி, “அண்ணா, பேரு மட்டும் குப்புறக் கெடக்கே, படத்துல ஏதும் தப்போ?” என்று கேட்டான் ஜெகின். இந்தப் பட்டறையில் தகட்டை மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் மூத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். தப்பு என்றுதான் செல்வசிங்கும் நினைத்தான். நினைத்துத்தான் சொன்னான், அப்படியே வெட்டு என்று. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

“அப்ப லெட்டர்ல பேரை மாத்தணுமேப்பா” என்றார் கௌஸ் முகைதீன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தால், போனை எடுத்து ஆபீஸுக்கே பேசிவிட்டார்.

ஜெகினின் முகம் ஒரு நொடி வாடியது. ஒரே நொடிதான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து செல்வசிங்கின் கையைப் பிடித்தான். “மதினிக்க பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கண்ணா” என்றான். அந்தச் சிரிப்பில் துளிக் கள்ளம் இல்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. இன்பமணி வரப்போகிறாள். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும், இப்போதே சொல்லிவிடலாம்.

“சரி சரி, வண்டியில ஏத்துங்கலே” என்றான் செல்வசிங்.

ஜெகின் ஓடிப்போய் முதல் ஆளாகக் குனிந்து தூக்கினான். செல்வசிங்குக்கு இன்னும் வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. எதற்காக என்று இனி இன்பமணியிடம்கூடச் சொல்ல முடியாது.