குரலைத் தணித்த நாள்

"கடைசியில என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டா சார்," என்று சைரன் சொல்லி முடித்ததும் வகுப்பே கைதட்டியது.

சைரன் அவளுடைய பெயரல்ல. ஓட்டல் விரிப்புகளையும் ஆஸ்பத்திரித் துணிகளையும் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் ஒன்றில் அவள் மேற்பார்வையாளர். மிஷின் இரைச்சலையும் மீறிக் கேட்கும் அந்தத் தொண்டைக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் அது. அவளுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் மேற்பார்வையாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. தப்பு செய்தவரைத் தனியாகக் கூப்பிட வேண்டும், உட்கார வைக்க வேண்டும், குரலைத் தணித்து அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். படித்ததை வேலையில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கேட்கத்தான் இன்று மறுபடி கூட்டியிருந்தார்கள்.

"நானும் மெதுவாத்தான் பேசினேன் சார். மிஷின் சத்தத்துல எனக்கே கேக்கல," என்று பொதி கட்டும் பிரிவுக்காரர் சொல்லிச் சிரிப்பு மூட்டிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு அடுத்து எழுந்த சைரன் சொன்னது ஒல்லியின் கதை.

ஒல்லி இஸ்திரிப் பிரிவில் இருப்பவள். ஓட்டல்காரரின் புத்தம்புது மேசைவிரிப்பைக் கருக்கிவிட்டாள். மற்ற நாளாக இருந்தால் கூடமே அதிர்ந்திருக்கும். அன்று சைரன் அவளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"உட்காருங்க," என்றாள். ஒல்லி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"என்னாச்சுன்னு சொல்லுங்க. உங்க பக்கத்தையும் நான் கேக்கணும் இல்லையா?"

அம்மா ஆஸ்பத்திரியில் கிடப்பதையும், ராத்திரியெல்லாம் பக்கத்தில் விழித்திருந்துவிட்டு நேரே வேலைக்கு வருவதையும், நின்றபடியே கண் அசந்துபோனதையும் ஒல்லி தட்டுத்தடுமாறிச் சொன்னாள். சைரன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"சரி, நீங்க கெளம்புங்க. போய் அம்மாவைப் பாத்துக்குங்க."

"என் இஸ்திரி மேசை, அக்கா?"

"அதுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

அப்போதுதான் ஒல்லி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இத்தனை நாளா என்னைப் பொறுத்துக்கிட்டீங்க. நல்லா இருங்கக்கா."

கைதட்டல் அடங்கியது. பயிற்சியாளர் முகம் மலர்ந்து கேட்டார்: "ரொம்ப நல்ல விஷயம். இப்ப அவங்க எப்படி இருக்காங்க?"

சைரன் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "அதுக்கப்புறம் அவ வேலைக்கு வரல சார்."

"அப்படியா? ஏனாம்?"

"தெரியல."

"ஒரு போன் பண்ணிக் கேக்கலியா?"

கேட்கவில்லை. ஒல்லி அழுத கதையை மேனேஜரிடம் சொன்னாள், தங்கையிடம் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கூடச் சொன்னாள். ஒல்லியிடம் மட்டும் பேசவில்லை. ஒரு வாரமாகியும் ஆளைக் காணோம் என்றதும், "கொஞ்சம் இடம் கொடுத்தா தலையில ஏறி உட்காந்துக்கறாங்க," என்று மேனேஜரிடம் அலுத்துக்கொண்டதுகூட அவள்தான்.

அதை வகுப்பில் சொல்லவா முடியும்? "கேக்கறேன் சார்," என்று முனகிவிட்டு உட்கார்ந்தாள். சற்றுமுன் கைதட்டியவர்கள் இப்போது மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு விட்டதும் ஒல்லியின் வீட்டுக்கு வழி விசாரித்துக்கொண்டு போனாள். முதலில் மன்னிப்புக் கேட்பது, அப்புறம் அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரிப்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. குறுகலான மாடிப்படி ஏறியதும் கதவு திறந்தே இருந்தது.

உள்ளே கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். உடம்பு தேறி வீடு வந்துவிட்டவள் போலத்தான் தெரிந்தது. பக்கத்திலேயே, ஊரார் துணியெல்லாம் மலைபோலக் குவிந்திருக்க, ஒல்லி மும்முரமாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் பறந்தது.

"ஏண்டி, அங்க துணி குவிஞ்சு கிடக்கு, நீ இங்க உக்காந்து தனி வியாபாரம் பண்றியா? ஒரு வார்த்தை சொல்லிட்டு நிக்க மாட்டியா? பாவம் பாத்து அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

கட்டிலில் இருந்தவள் திடுக்கிட்டு எழப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப்பார்த்தது. தன் குரல் அந்தச் சின்ன அறையில் மோதித் திரும்பியதும் சைரன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வாயை வைத்துக்கொண்டா கைதட்டல் வாங்கினோம் என்று கூனிக் குறுகிப்போனாள்.

ஒல்லி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் முகத்தில் பயம் இல்லை, கோபமும் இல்லை. மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"இப்படித் திட்டறீங்களே... அப்ப என்னை நீங்க வேலையை விட்டு எடுக்கலியாக்கா?"